மீண்டு வருவோருக்கு ஒரு சொல்

மைசூர் நகரின் தேவராஜ மொஹல்லா என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது அங்குள்ள பழைய சந்தைதான். ஒருபுறம் சயாஜி ராவ் சாலை. தெற்கே 'சிக்க கடியாரா' என்று மக்கள் அழைக்கும் சிறிய மணிக்கூண்டு. இவற்றையொட்டி நூறாண்டுகளுக்கும் மேலாக இயங்கிவரும் தேவராஜா மார்க்கெட். மைசூர் மல்லிகையும், நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழமும், மைசூர் வெற்றிலையும், கூம்பு கூம்பாகக் குவித்து வைத்த குங்குமமும் அங்கே விற்பனையாகின்றன. பூக்காரர் மல்லிகைச் சரத்தைக் கைகளை விரித்து 'மாரு' கணக்கில் அளக்கிறார். அளந்தபின் ஒரு கணம் நிதானித்து, அதன் பிறகே நாரை அறுக்கிறார். அறுத்துவிட்டால் அளவை மாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

பூவை அளப்பதில் உள்ள இந்த நிதானம் நம் பேச்சில் இருக்கிறதா? பேசிய சொல்லை யாராலும் திரும்பப் பெற முடியாது. அப்படியானால், தகாத சொல்லைப் பேசிவிட்ட மனிதனின் கதி என்ன? சொல்தான் திரும்பாது, மனிதனாவது திரும்பி வர முடியுமா? வந்தால் அவனை எவ்வாறு ஏற்பது?

சந்தையிலிருந்து சிறிது தொலைவில், அசோகா சாலையில், புனித பிலோமினா பேராலயம் இரட்டைக் கோபுரங்களுடன் நிற்கிறது. அதற்கு 1933ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டியவர் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். அந்த ஆலயம் சார்ந்த கிறிஸ்தவ மரபு, மேற்கண்ட இரு கேள்விகளையும் ஒன்றாகவே வைத்துச் சிந்தித்திருக்கிறது. நாவைக் காப்பதும், தவறியவருக்கு மறுவாய்ப்புத் தருவதும் வெவ்வேறு அறங்கள் அல்ல என்பதே அந்தச் சிந்தனையின் சாரம். எந்த மார்க்கத்தில் நிற்கும் சாதகருக்கும் பயன்படக்கூடிய அந்த உண்மையை இங்கே காண்போம்.

வெளியேறிய சொல்

இயேசுபிரான் வாயைப் பற்றிச் சொன்னவை கடுமையானவை. வாய்க்குள் செல்லும் உணவு மனிதனைத் தீட்டுப்படுத்துவதில்லை, உள்ளத்திலிருந்து வாய் வழியே வெளிவருவதே தீட்டுப்படுத்துகிறது என்று அவர் உபதேசித்தார். வீணாகப் பேசிய சொல்லுக்கும் மனிதன் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்றும் எச்சரித்தார். புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபின் நிருபம் இதே கருத்தை மூன்று உவமைகளால் விளக்குகிறது. குதிரையின் வாயிலிடும் கடிவாளம் சிறியது. ஆனால் குதிரையின் உடல் முழுவதையும் அதுவே திருப்புகிறது. கப்பலின் சுக்கான் சிறியது. ஆனால் கப்பலின் போக்கை அதுவே நிர்ணயிக்கிறது. ஒரு பொறி சிறியது. ஆனால் பெருங்காட்டை அது எரித்துவிடுகிறது. நாக்கும் அவ்வாறே என்கிறார் யாக்கோபு.

ரோம் நகரில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகான் பிலிப்பு நேரியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. புறங்கூறும் பழக்கமுள்ள ஒரு பெண்மணி அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தார். ஒரு கோழியை வாங்கி, தெருவில் நடந்துகொண்டே அதன் இறகுகளைப் பிய்த்துப் போட்டு வரும்படி அவர் பிராயச்சித்தம் விதித்தார். அப்பெண்மணியும் அவ்வாறே செய்து திரும்பினார். இனி அந்த இறகுகளை எல்லாம் பொறுக்கி வருமாறு மகான் கூறினார். அது எப்படி இயலும், காற்று அவற்றை எங்கெங்கோ கொண்டுபோயிருக்குமே என்று பெண்மணி திகைத்தார். அவர் பரப்பிய சொற்களின் நிலையும் அதுதான் என்று மகான் உணர்த்தினார்.

இந்தக் கதையைப் பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இதில் உண்டு. இறகுகள் திரும்பவில்லை, ஆனால் அந்தப் பெண்மணி திரும்பி வந்தார். மகானும் அவரை விரட்டவில்லை. சொல்லின் விளைவை மறைக்காமல் காட்டினார். அதே வேளையில் சொன்னவருக்குக் கதவைத் திறந்தே வைத்தார். கண்டிப்பும் கருணையும் ஒரே செயலில் அமைந்திருந்தன.

இரு மனிதர்கள், இரு பதில்கள்

இயேசுபிரான் பிடிபட்ட இரவிலும் அதைத் தொடர்ந்த காலையிலும் அவருடைய சீடர்கள் இருவர் பெருந்தவறு இழைத்தனர். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்கு அவரைக் காட்டிக்கொடுத்தான். பேதுரு, அவரை அறியவே மாட்டேன் என்று மூன்று முறை மறுதலித்தார். இரண்டுமே நாவால் நிகழ்ந்தவை. யூதாஸ் பேரம் பேசினான். வாழ்த்துக் கூறி முத்தமிட்டு அடையாளம் காட்டினான். பேதுரு பொய் கூறினார். சபித்தும் சத்தியம் செய்தும் அந்தப் பொய்யை உறுதிப்படுத்தினார்.

இருவருமே பின்னர் வருந்தினர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மத்தேயுவின் சுவிசேஷப்படி, யூதாஸ் அந்தக் காசுகளை எடுத்துக்கொண்டு பிரதான ஆசாரியர்களிடம் திரும்பச் சென்றான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்துவிட்டதாக வாய்விட்டு ஒப்புக்கொண்டான். அவர்கள் கொடுத்த பதில் என்ன? அதனால் தங்களுக்கு என்ன, அது அவன் பாடு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். காசுகளை ஆலயத்தில் எறிந்துவிட்டு அவன் சென்று தூக்கிட்டுக் கொண்டான்.

அந்த ஆசாரியர்கள் அவனை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பாவ நிவிருத்திக்கு வழிகாட்டுவதையே கடமையாகக் கொண்டவர்கள், அதை நாடி வந்தவனிடம் அலட்சியமாக ஒரு வாக்கியம் பேசினார்கள், அவ்வளவுதான். உடைந்துபோய் வந்து நிற்பவனிடம் பேசும் சொல்லில் அவனுடைய உயிரே அடங்கியிருக்கக் கூடும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பேதுருவுக்குக் கிடைத்த பதில் வேறு. யோவானின் சுவிசேஷம் அதைத் தன் கடைசி அத்தியாயத்தில் கூறுகிறது. உயிர்த்தெழுந்த இயேசுபிரான் திபேரியா ஏரிக்கரையில் கரிநெருப்பு மூட்டி, அப்பமும் மீனும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் வலை வீசிக் களைத்த சீடர்களைச் சாப்பிட அழைத்தார். 'கரிநெருப்பு' என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று இந்த ஏரிக்கரை. மற்றொன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே தம் குருவை மறுதலித்த பிரதான ஆசாரியனின் முற்றம்.

அந்த நெருப்பைக் கண்டதும் பேதுருவின் மனம் பழைய இரவை நினைத்துச் சுட்டிருக்கும். இயேசுபிரானோ அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஏன் மறுதலித்தாய் என்று கேட்கவில்லை; நான் முன்பே சொன்னேன் அல்லவா என்றும் சொல்லவில்லை. தம்மை நேசிக்கிறாயா என்று மட்டும் கேட்டார். அதையும் மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும், தம் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்.

மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று சுவிசேஷம் குறிப்பிடுகிறது. ஆக, தவறு மறைக்கப்படவும் இல்லை. புண் தொடப்படாமல் விடப்படவும் இல்லை. மும்முறை மறுத்த நாக்கு மும்முறை அன்பை அறிக்கையிடும்படி செய்யப்பட்டது. மருத்துவர் கட்டியைக் கீறுவதும் பகைவன் கத்தியால் கீறுவதும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றலாம். கை எதற்காக நீண்டது என்பதில்தான் வேறுபாடு.

பேதுரு கற்ற பாடம்

இங்கே நுட்பமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிடிபடுவதற்குச் சற்று முன்பு பேதுரு என்ன பேசியிருந்தார்? மற்ற எல்லோரும் விட்டு ஓடினாலும் தாம் மட்டும் ஓடப்போவதில்லை என்று சபதம் செய்தார். பக்தியைச் சொல்லும்போதே பிறரைத் தாழ்த்தித் தம்மை உயர்த்தினார். அவருடைய வீழ்ச்சி மறுதலிப்பில் தொடங்கவில்லை. இந்த அதிகப் பேச்சிலேயே தொடங்கிவிட்டது. நம்மில் பலரும் பொய் சொல்லக் கூடாது என்று எச்சரிக்கையாக இருப்போம். ஆனால் நம் பக்தியைப் பற்றியும் வைராக்கியத்தைப் பற்றியும் அளவுக்கு மீறிப் பேசுவதைத் தவறாகக் கருத மாட்டோம்.

ஏரிக்கரையில் முதல் கேள்வி கேட்கப்பட்டபோது, இவர்களைவிட அதிகமாக நேசிக்கிறாயா என்ற ஒப்பீடு அதில் இருந்தது. பழைய பேதுருவாக இருந்திருந்தால் ஆம் என்று முந்திக்கொண்டிருப்பார். இப்போதோ அவர் அந்த ஒப்பீட்டைத் தொடவே இல்லை. தாம் நேசிப்பதை ஆண்டவர் அறிவார் என்று மட்டும் சொன்னார். தம் மனத்துக்குத் தாமே சாட்சி சொல்வதை விட்டு, அறிந்தவரிடமே தீர்ப்பை விட்டுவிட்டார்.

மறுவாய்ப்புப் பெற்றவரின் அடையாளம் இதுதான்: பேச்சு குறையும், ஒப்பீடு மறையும், வேலை தொடங்கும்.

'பயனுள்ளவன்' என்னும் சொல்

மன்னிப்பு என்பது குருவுக்கும் சீடனுக்கும் இடையே மட்டும் நிகழ்வதன்று. மனிதர் மனிதருக்குத் தர வேண்டியதே நாள்தோறும் எழும் சோதனை. ஆதித் திருச்சபையில் நடந்த இரு நிகழ்ச்சிகள் இதை விளக்குகின்றன.

மாற்கு என்னும் இளைஞர், பவுலும் பர்னபாவும் மேற்கொண்ட முதல் பிரசாரப் பயணத்தில் பாதி வழியில் அவர்களை விட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்துக்கு அவரையும் அழைத்துச் செல்லலாம் என்று பர்னபா கூறினார். பவுல் மறுத்தார். இருவருக்கும் கடுமையான வாக்குவாதம் மூண்டு, இருவரும் பிரிந்தே போனார்கள். அப்போஸ்தலர்களின் நடபடிகள் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறது. மகான்களும் நாவின் சோதனைக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர் என்பதை அந்நூல் அறிந்திருந்தது. பர்னபா என்ற பெயருக்கு ஆறுதலின் மகன் என்று பொருள். அவர் மாற்குவை அழைத்துக்கொண்டு சைப்பிரசு தீவுக்குக் கப்பலேறினார்.

காலம் சென்றது. பவுலின் பெயரால் வழங்கும் தீமோத்தேயுவுக்கான இரண்டாம் நிருபத்தில், சிறையிலிருக்கும் அப்போஸ்தலர் மாற்குவைத் தம்மிடம் அழைத்து வரச் சொல்கிறார். ஊழியத்துக்கு அவர் பயனுள்ளவர் என்ற காரணத்தையும் கூறுகிறார். நான்கு சுவிசேஷங்களில் ஒன்று அந்த மாற்குவின் பெயரால் வழங்குகிறது. பர்னபா அன்று அவரை அழைத்துச் செல்லாதிருந்தால் அவர் என்னவாகியிருப்பாரோ!

அதே கிரேக்கச் சொல்லை இன்னொருவருக்காகவும் பவுல் எழுதினார். பிலேமோன் என்பவரின் அடிமை ஒநேசிமு, எஜமானரை விட்டு ஓடிவந்தவன் என்பது மரபு. சிறையில் இருந்த பவுலிடம் வந்து சேர்ந்து அவன் மனம் திரும்பினான். அவனை எஜமானரிடமே திருப்பி அனுப்பும்போது பவுல் கொடுத்தனுப்பிய சிறு கடிதம் வாக்கு நிதானத்துக்கு ஓர் உயர்ந்த உதாரணம். கட்டளையிடும் உரிமை இருந்தும் கட்டளையிடாமல், அன்பின் பேரால் வேண்டுகிறார். ஒநேசிமு என்ற பெயருக்கே பயனுள்ளவன் என்று பொருள். அதை வைத்து, முன்பு பயனற்றிருந்தவன் இப்போது இருவருக்கும் பயனுள்ளவனாகிவிட்டான் என்று மென்மையாக எழுதுகிறார். அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் வைக்கும்படி சொல்லித் தம் கைப்படவே உறுதியளிக்கிறார். பரிந்து பேசுபவர் அதற்கான விலையையும் தாமே ஏற்க முன்வருகிறார்.

திருச்சபை சந்தித்த கேள்வி

ஒருவருக்கு மன்னிப்புத் தருவது ஒன்று. ஒரு சமூகமே தவறிவிட்டால் என்ன செய்வது? ரோமப் பேரரசன் டேசியஸ், 250ஆம் ஆண்டு வாக்கில், குடிமக்கள் அனைவரும் அரசின் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். கிறிஸ்தவர்களில் சிலர் உயிரை விட்டனர். மிகப் பலர் அஞ்சிப் பலியிட்டனர். வேறு சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினர். கொடுமை ஓய்ந்ததும் இவர்கள் திரும்பி வந்து ஆலயக் கதவைத் தட்டினர்.

ரோமில் நோவாசியன் என்ற குரு, இவர்களை ஒருபோதும் சேர்க்கலாகாது என்றார். வேறு சிலர், எந்த விசாரணையும் இன்றி உடனே சேர்த்துவிடலாம் என்றனர். வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியான் தலைமையில் 251ஆம் ஆண்டு கூடிய ஆயர்கள் நடுவழியைத் தேர்ந்தனர். ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியே ஆராய்ந்து, தகுந்த பிராயச்சித்தத்துக்குப் பின் ஏற்பது என முடிவாயிற்று. கொடுமை நடந்தபோது சிப்ரியானும் ஊரைவிட்டு மறைந்திருந்தவர்தான். அதற்காக ஏச்சும் வாங்கியவர். அவரே 258ஆம் ஆண்டு தம் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தார்.

ஆறாம் நூற்றாண்டில் மகான் பெனடிக்ட் தம் துறவியருக்கு விதிமுறைகள் வகுத்தபோது, மடத்தை விட்டுப் போனவர் திருந்தி வந்தால் மூன்று முறை வரை சேர்த்துக்கொள்ளலாம் என்று விதித்தார். ஆனால் வந்தவர் கடைசி இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதே விதிமுறைகளில் மௌனத்துக்கும் அவர் தனி அத்தியாயம் ஒதுக்கினார்.

1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம், விசுவாசிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. அங்கே கேட்டதைச் சொல்லாலோ சைகையாலோ வெளியிடும் குருவைப் பதவி நீக்கி, ஆயுள் முழுதும் தவம் புரிய மடத்தில் அடைக்க வேண்டும் என்றும் விதித்தது. இதன் உட்பொருளைச் சிந்தியுங்கள். ஒருவன் துணிந்து பேசுகிறான். மற்றவர் சாகும்வரை பேசாதிருக்கிறார். அந்த மௌனம் இல்லையேல் இந்தப் பேச்சு பிறக்காது. கேட்பவரின் நாவடக்கமே தவறியவருக்குக் கதவாகிறது.

ஸ்ரீரங்கப்பட்டணம், 1799

மைசூர் நாடும் இந்தக் கேள்வியைச் சந்தித்தது. 1784ஆம் ஆண்டில் கனராப் பகுதியிலிருந்து பெருந்தொகையான கிறிஸ்தவர்கள் சிறைப்பிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். பலர் மதம் மாற நிர்ப்பந்திக்கப்பட்டனர். 1799ஆம் ஆண்டு மே மாதம் திப்பு சுல்தான் போரில் மடிந்தார். வரலாற்றைப் பேசும்போதும் நாவுக்குக் கடிவாளம் வேண்டும்: 1791ஆம் ஆண்டில் மராட்டியப் படையினரால் சிருங்கேரி மடம் சூறையாடப்பட்டபோது, அதற்கு உதவி அளித்து மரியாதையுடன் கடிதங்கள் எழுதியவரும் அதே திப்புதான். ஒரு மனிதரை ஒரே சொல்லில் அடைத்துவிடுவது எளிது. உண்மை அதில் அடங்குவதில்லை.

போருக்குப் பின், சிதறிய கிறிஸ்தவ சமூகத்தை ஒழுங்குபடுத்த அழைக்கப்பட்டவர் பாரிசு நகரின் வெளிநாட்டு வேதபோதக சபையைச் சேர்ந்த துய்புவா குரு. 1792ஆம் ஆண்டு இந்தியா வந்து, இந்நாட்டு உடை உடுத்தி, மக்களின் பழக்கங்களை ஏற்று வாழ்ந்தவர். நிர்ப்பந்தத்தால் விசுவாசத்தை விட்டவர்களுக்கு அவர் கதவை அடைக்கவில்லை. மீண்டு வந்தோரைச் சேர்த்துச் சமூகத்தை மறுபடி கட்டினார். விவசாயக் குடியிருப்புகளையும் ஏற்படுத்தினார். மன்னிப்பு வாயோடு நின்றுவிடாமல், உழுவதற்கு நிலமாகவும் ஆகும்போதுதான் மறுவாழ்வு நிலைக்கிறது. அம்மைத் தடுப்பூசியை மைசூர் நாட்டு மக்களிடையே பரப்பியதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இதே துய்புவாவின் மற்றொரு பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். இந்துக்களின் வழக்கங்களையும் சடங்குகளையும் பற்றி அவர் எழுதிய கையெழுத்துப் பிரதியை மைசூரிலிருந்த ஆங்கிலேய அதிகாரி மார்க் வில்க்ஸ் பரிந்துரைக்க, 1807ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 நட்சத்திர வராகனுக்கு வாங்கியது. பின்னர் ஆசிரியர் அப்பிரதியைத் திரும்பப் பெற்று ஏராளமான திருத்தங்கள் செய்தார். ஆனால் லண்டனில் 1816ஆம் ஆண்டு வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு, திருத்தப்படாத முதல் பிரதியிலிருந்தே அச்சாயிற்று. திருத்திய பிரதி ஆங்கிலத்தில் வர, ஹென்றி போஷாம்ப் அதை மொழிபெயர்த்து வெளியிட்ட 1897ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆசிரியரே மாற்ற விரும்பிய சொற்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பெயரில் உலவின. அந்நூலின் பெரும்பகுதி அவருக்கு முன் வாழ்ந்த கூர்தூ என்ற ஏசுசபைத் துறவியின் எழுத்தைத் தழுவியது என்றும் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா முர் 1987ஆம் ஆண்டு நிறுவினார்.

அந்நூலில் நம் தர்மத்தைப் பற்றிய பல கடுஞ்சொற்கள் உள்ளன. படிக்கும் இந்துவின் மனம் நோகும். இப்போது சோதனை நம்முடையது. துய்புவாவைப் பற்றி நாம் என்ன சொல்வோம்? அவருடைய கடுஞ்சொற்களை மட்டும் எடுத்துக்காட்டி அவரை முடித்துவிடலாம். அல்லது, அந்தச் சொற்கள் தவறு என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, வீழ்ந்தோருக்குக் கைகொடுத்ததையும், ஏழைகளை அம்மைநோயிலிருந்து காக்க உழைத்ததையும் சேர்த்தே சொல்லலாம். இரண்டாவது வழிதான் முழு உண்மை. நமக்கு எதிராகப் பேசியவருக்கும் நியாயமான சொல்லைத் தர முடிந்தால்தான் வாக்கு நமக்கு வசப்பட்டதாகும்.

ஓட்டைக் குடம்

எகிப்து நாட்டின் ஸ்கேட்டிஸ் பாலைவனத்தில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தவசிகளில் ஒருவர் மோசே. முன்பு கொள்ளைக்காரராக இருந்து மனம் மாறியவர் அவர். ஒருமுறை ஒரு துறவி செய்த குற்றத்தை விசாரிக்கப் பெரியோர்கள் கூடி, மோசேயையும் அழைத்தனர். அவர் வர விரும்பவில்லை, மறுபடியும் ஆளனுப்பினார்கள். ஓட்டைக் குடம் ஒன்றில் நீர் நிரப்பிச் சுமந்துகொண்டு அவர் வந்தார். இது என்ன என்று கேட்டபோது, தம் பாவங்கள் தமக்குப் பின்னால் இவ்வாறு ஒழுகிக்கொண்டிருக்க, அவற்றைக் காணாமல், மற்றொருவரின் குற்றத்துக்குத் தீர்ப்புச் சொல்லத் தாம் வந்திருப்பதாகக் கூறினார். கூடியிருந்தவர்கள் வாயடைத்து, அந்தத் துறவியை மன்னித்தனர்.

மறுவாய்ப்புப் பெற்றவரே மறுவாய்ப்பின் அருமையை அறிவார். நாம் அதைத் தர மறுக்கும் ஒவ்வொரு முறையும், நமக்கு அது எத்தனை முறை கிடைத்திருக்கிறது என்பதை மறந்திருக்கிறோம்.

மௌனம் எங்கே குற்றமாகும்?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மன்னிப்பின் பெயரால் அநீதியை மூடி மறைப்பது நாவடக்கம் ஆகாது. குழந்தைக்கோ, பெண்ணுக்கோ, ஏழைக்கோ ஒருவன் தீங்கிழைத்திருக்கும்போது, நம் நிறுவனத்தின் பெயர் கெடுமே என்று பேசாதிருப்பது அந்தத் தீங்கில் பங்கு கொள்வதாகும். கத்தோலிக்கத் திருச்சபை இதைப் பெரும் வேதனையுடன் கற்றது. மறைந்த போப்பாண்டவர் பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டில் இத்தகைய குற்ற விசாரணைகளுக்கு இருந்த அதிகாரபூர்வ இரகசியக் காப்பை நீக்கினார். குருக்களும் துறவியரும் தாம் அறிந்ததைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதைக் கடமையாக்கினார். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைக் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும் என்று நம் நாட்டின் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டமும் விதிக்கிறது. மத நிறுவனம் எதுவும் இதற்கு விலக்கல்ல.

மறுவாய்ப்பு என்பது பழைய அதிகாரத்தைத் திரும்பத் தருவதன்று. இயேசுபிரான் தம் வீட்டுக்கு வந்ததும் வரி வசூலிப்பவனான சகேயு, தான் ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். பாதிக்கப்பட்டவரின் இழப்பை ஈடுசெய்ய முனையாத மனமாற்றம் வெறும் பேச்சே.

நாம் செய்ய வேண்டியது

அன்பர்களே, கீதையின் பதினேழாம் அத்தியாயம் வாக்கினால் செய்யும் தவத்தைக் கூறுகிறது. பிறர் மனத்தைக் கலக்காததும், உண்மையானதும், இனியதும், நன்மை தருவதுமான பேச்சே அத்தவம். ஒன்பதாம் அத்தியாயத்தில், மிகக் கொடிய நடத்தை உள்ளவனும் தன்னையே நாடி வணங்கினால் அவனைச் சாது என்றே கருத வேண்டும் என்று பகவான் அருளுகிறார். கருத வேண்டும் என்ற ஆணை யாருக்கு? பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு. திரும்பியவனை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பதையும் பகவான் கணக்கில் வைத்திருக்கிறார்.

ஆகவே மூன்று பழக்கங்களை மேற்கொள்வோம். முதலாவது, பிறர் குற்றத்தைச் சொல்ல நேர்ந்தால் முதலில் அவரிடமே தனியாகச் சொல்வது. மத்தேயுவின் பதினெட்டாம் அத்தியாயத்தில் இயேசுபிரான் வகுத்த முறை இது: முதலில் தனிமையில், பிறகு ஓரிருவர் முன்னிலையில், அதன் பின்னரே சபையில். நாமோ சபையில் தொடங்குகிறோம். உரியவரின் காதுக்கு அது கடைசியாகப் போய்ச் சேருகிறது. எளியவருக்குத் தீங்கு நேரும் இடத்தில் மட்டும் இந்த வரிசைக்காகக் காத்திருக்கலாகாது.

இரண்டாவது, மன்னித்த குற்றத்தை மீண்டும் எடுக்காதிருப்பது. குடியை விட்ட மகனிடம், அவன் அரைமணி தாமதமாக வந்த மாலையில், பழையபடி ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்கிறோம். சண்டையிட்டுப் பிறந்தகம் சென்று திரும்பிய மருமகளிடம் அந்த நாளை நினைவூட்டுகிறோம். சிறை சென்று மீண்டவனை ஊர் அவன் பெயரால் அழைப்பதில்லை, குற்றத்தின் பெயரால் அழைக்கிறது. அவர்கள் வழியெல்லாம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருப்பார்கள்; வாசலில் நாம் பேசும் ஒரு வாக்கியம் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும்.

மூன்றாவது, மன்னித்தவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைப்பது. ஆறுதல் மட்டும் போதாது. ஏரிக்கரையில் பேதுருவுக்குக் கிடைத்தது ஆறுதலைவிடப் பெரியது. அவரை இன்னும் நம்புவதற்கான அத்தாட்சி. சிறிய வேலையாக இருக்கலாம். கடைசி இடத்திலிருந்து தொடங்கலாம். ஆனால் அது உண்மையான வேலையாக இருக்க வேண்டும்.

எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறையா என்று ஒருநாள் பேதுருதான் கேட்டார். ஏழெழுபது முறை என்பது குருவின் விடை. கேட்டபோது பேதுரு பிறரை மனத்தில் வைத்துக் கணக்கிட்டார். அந்த விடை தமக்கே தேவைப்படும் என்று அன்று அவர் அறிந்திருக்கவில்லை. நம் வீட்டிலும் நாம் கூடும் இடங்களிலும் யாரோ ஒருவர் திரும்பி வரத் தயங்கி நின்றுகொண்டிருக்கக் கூடும். அவரிடம் பேசப்போகும் முதல் வாக்கியத்தை இப்போதே அளந்து வைத்துக்கொள்வோம்.